போட்டோஷாப்பில் மட்டும் மஞ்சளாகத் தெரிகிறதா? படத்தில் கை வைக்காதீர்கள்

போன வாரம் ஸ்டுடியோவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரு கல்யாணப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நிறம் திருத்தும் கருவியான கர்வ்ஸில் நீலத்தை ஏற்றிக்கொண்டே இருந்தார். என்னப்பா செய்கிறாய் என்று கேட்டேன். "மாப்பிள்ளை வேட்டி மஞ்சளா இருக்குண்ணா" என்றார். அதே படத்தை என் போனில் திறந்து காட்டினேன். வேட்டி வெள்ளையாகத்தான் இருந்தது. முதலில் மவுஸிலிருந்து கையை எடு என்றேன். வருடத்துக்கு ஒருவராவது இந்த இடத்தில் வந்து மாட்டுகிறார்கள். நானும் மாட்டியவன்தான்.

டேப் பட்டனை அமுக்கிவிட்டுப் பேனல்களைத் தேடுவது, லேயரின் கண்ணை மூடிவிட்டுப் படத்தைக் காணோம் என்பது எல்லாம் இரண்டு நாளில் தானாகப் பழகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். போட்டோஷாப்புக்குப் புதியவர்கள் எளிதில் கண்டுபிடிக்க முடியாத தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

திரையின் கோளாறைப் படத்தில் திருத்துவது

12 வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண ஆல்பம். 12×36 அளவில் 40 ஷீட். புது மானிட்டர் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. போட்டோஷாப்பில் எல்லாப் படமும் லேசாக மஞ்சள் அடித்தது. மண்டப விளக்குதான் காரணம் என்று நானே முடிவுகட்டி, ஒவ்வொரு ஷீட்டிலும் மஞ்சளைக் குறைத்தேன். மூன்று ராத்திரி வேலை. பிரிண்ட் போடும் லேபிலிருந்து ஆல்பம் வந்தபோது வேட்டியெல்லாம் சொட்டு நீலம் அதிகமாகப் போட்டுத் துவைத்த மாதிரி இருந்தது. மஞ்சள் பூசிய முகங்கள் சாம்பல் பூத்துக் கிடந்தன. அரக்குப் பட்டு கத்தரிப்பூ நிறத்துக்குப் போயிருந்தது. பெண்ணின் அம்மா புடவையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது எங்க புடவையே இல்ல தம்பி" என்றார். மொத்த ஆல்பத்தையும் என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

படத்தில் ஒரு குறையும் இல்லை. மானிட்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரோடு வந்து உட்கார்ந்த புரொஃபைல்தான் தப்பு. புரொஃபைல் என்பது அந்தத் திரை நிறங்களை எப்படிக் காட்டும் என்று சொல்லும் ஒரு சிறு ஃபைல். போட்டோஷாப் அதைப் படித்து, அதற்கு ஏற்றபடி நிறத்தைத் திருத்தித் திரைக்கு அனுப்பும். "இந்தத் திரையில் நீலம் அதிகம்" என்று புரொஃபைல் பொய் சொன்னால், போட்டோஷாப் நீலத்தைக் குறைத்துவிடும். படம் மஞ்சளாகிவிடும். புரொஃபைலைக் கண்டுகொள்ளாத சாதாரண மென்பொருள்களில் அதே படம் சரியாகத் தெரியும். போட்டோஷாப்பில் மட்டும் கோளாறு என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் வர வேண்டும்.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். போட்டோஷாப்பில் வெள்ளைப் பின்னணியோடு ஒரு புது ஃபைலைத் திறந்து, பக்கத்திலேயே நோட்பேடைத் திறந்து வையுங்கள். எஃப்8 அமுக்கினால் இன்ஃபோ பேனல் வரும். வெள்ளையின் மேல் கர்சரை வைத்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் எண்ணும் 255 என்று காட்டும். எண் 255 ஆக இருந்தும், நோட்பேடின் வெள்ளைக்குப் பக்கத்தில் இந்த வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் புரொஃபைல்தான் குற்றவாளி.

விண்டோஸில் கலர் மேனேஜ்மென்ட் என்று தேடித் திறந்து, டிவைசஸ் பகுதியில் உங்கள் மானிட்டரைத் தேர்ந்தெடுங்கள். யூஸ் மை செட்டிங்ஸ் என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். ஆட் பட்டன் வழியாக எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான புரொஃபைலைச் சேர்த்து டிஃபால்ட் ஆக்குங்கள். போட்டோஷாப்பை மூடித் திறந்தால் வெள்ளை வெள்ளையாகிவிடும். இது அவசரத்துக்கான வைத்தியம். ஆல்பம் வேலையே தொழில் என்றால் ஒரு கேலிப்ரேட்டர் வாங்கி, திரையை அளந்து, அதற்கென்றே புரொஃபைல் உருவாக்குவதுதான் முறை. வாடகைக்குக் கிடைத்தாலும் சரி. இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

இன்றும் இதை நினைத்தால் எரிச்சல் வருகிறது. வெள்ளையை முதல் நாளே அளந்து பார்த்திருந்தால் மூன்று ராத்திரியும் மிச்சம், ஒரு குடும்பத்தின் மனக்கஷ்டமும் மிச்சம்.

கன்வெர்ட் செய்ய வேண்டிய இடத்தில் அசைன்

எஸ்ஆர்ஜிபி 1996-இல் ஹெச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து கொண்டுவந்த நிற வெளி, அதாவது எந்தெந்த நிறங்களைக் காட்டலாம் என்ற வரம்பு. அடோபி ஆர்ஜிபி 1998-இல் வந்தது, அதைவிட அகலமானது. கேமராவில் அடோபி ஆர்ஜிபி வைத்து எடுத்த படத்துக்கு, அசைன் புரொஃபைல் போய் எஸ்ஆர்ஜிபி கொடுத்தால் படம் வெளிறிவிடும். அசைன் செய்யும்போது எண்கள் அப்படியே இருக்கும், அவற்றின் அர்த்தம் மாறும். கன்வெர்ட் டு புரொஃபைலில் எண்கள் மாறும், கண்ணுக்குத் தெரியும் நிறம் கூடியவரை அப்படியே இருக்கும். லேப் எஸ்ஆர்ஜிபி கேட்டால் கன்வெர்ட்தான்.

இன்னொரு அடையாளம்: நிக்கானிலும் கேனானிலும் அடோபி ஆர்ஜிபியில் எடுத்த படத்தின் பெயர் அடிக்கோட்டில் தொடங்கும். இரண்டு கேமராமேன் எடுத்த படங்கள் கலந்து வரும்போது, எது எந்த வெளி என்று பெயரைப் பார்த்தே பிரித்துவிடலாம்.

நைட் லைட்

ராத்திரியில் திரையை மஞ்சளாக்கும் விண்டோஸ் வசதி. எடிட் செய்யும்போது அணைந்திருக்க வேண்டும்.

பாதி ஜூமில் ஷார்ப்னஸ் பார்ப்பது

33.3, 66.7 சதவீதத்தில் ஓரங்கள் பிசிறாகத் தெரியலாம். கன்ட்ரோல் 1 அமுக்கி 100 சதவீதத்தில் பார்த்த பிறகே ஷார்ப்பனிங் (கூர்மையாக்குவது), நாய்ஸ் (புள்ளிப் பிசிறு) பற்றி முடிவெடுங்கள். சின்ன ஜூமில் போட்டோஷாப் காட்டுவது வேகத்துக்காகச் சுருக்கி வைத்த படம். நாய்ஸ் அதிகமுள்ள படத்தில் லேயர்களை ஃபிளாட்டன் செய்து ஒன்றாக்கியதும் நிறம் மாறியதாகத் தோன்றுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

கறுப்புக் கட்டம் வந்ததும் அன்இன்ஸ்டால்

படத்தில் கறுப்புக் கட்டங்கள் வருகின்றன, ஜூம் செய்தால் துண்டு துண்டாகிறது என்று மென்பொருளையே தூக்கிவிட்டு, கூடவே ஆக்‌ஷன், பிரஷ் எல்லாம் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் பிரிஃபரன்சஸில் பெர்ஃபார்மன்ஸ் போய், யூஸ் கிராஃபிக்ஸ் பிராசஸர் டிக்கை எடுத்துவிட்டு மூடித் திறந்து பாருங்கள். சரியானால் கோளாறு கிராஃபிக்ஸ் கார்டு டிரைவரில் இருக்கலாம். கார்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புது டிரைவரைப் போட்டுவிட்டு, அப்புறம் டிக்கைத் திரும்பப் போட மறக்காதீர்கள். அது இல்லாமல் சில ஃபில்டர்கள் வேலை செய்யாது.

கன்ட்ரோல் ஒய்

மற்ற பல மென்பொருள்களில் ரீடூ, அதாவது ரத்து செய்ததைத் திரும்பக் கொண்டுவருவது. போட்டோஷாப்பில் புரூஃப் கலர்ஸ், அதாவது அச்சில் எப்படி வரும் என்ற முன்னோட்டம்: நிறம் திடீரென்று மங்கும். ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் ஆர்ஜிபியோடு சிஎம்ஒய்கே (அச்சு மை நிறங்கள்) என்றும் சேர்ந்திருந்தால், மறுபடி ஒருமுறை அமுக்குங்கள்.