பசுமை வாகனங்களுக்கு மாறும் நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டீசல் வண்டிகளை விட்டு மாற நினைக்கும் நிறுவனங்கள் பல, முதலில் போய் நிற்பது வாகன ஷோரூமில். அங்கேயே தவறு ஆரம்பித்துவிடுகிறது. முதலில் புரட்ட வேண்டியது நம் வண்டிகளின் பயணப் பதிவேட்டை. ஒவ்வொரு வண்டியும் தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, எவ்வளவு லோடு ஏற்றுகிறது, எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது, இரவில் எங்கே தங்குகிறது? இவை தெரியாமல் எந்த எரிபொருளையும் முடிவு செய்யாதீர்கள்.

சராசரியை மட்டும் நம்பினாலும் சிக்கல்தான். வழக்கமாக 90 கிலோமீட்டர் ஓடும் வண்டி மாதத்தில் நான்கு நாள் 220 ஓடலாம். அந்த நான்கு நாளுக்காகப் பெரிய பேட்டரி வாங்குவதைவிட, அந்த ட்ரிப்புகளை வேறு வண்டிக்கு மாற்றிவிடுவது பல நேரம் மலிவாக முடியும்.

வண்டியை வாங்கிவிடலாம், மின் இணைப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது இன்னும் பெரிய தவறு. கூடுதல் மின்சாரத்துக்கு விண்ணப்பித்து, டிரான்ஸ்பார்மர் வைத்து முடிப்பதற்குள் புது வண்டிகள் மாதக்கணக்கில் சும்மா நிற்க நேரும். எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதிலும் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். மாலை 6 மணிக்குப் பத்து வேன்கள் திரும்பி, எல்லாம் 11 கிலோவாட் சார்ஜரில் ஒரே நேரத்தில் சொருகப்பட்டால், இழுப்பது 110 கிலோவாட். ஆனால் ஒவ்வொரு வேனும் அன்று 120 கிலோமீட்டர் ஓடி, கிலோமீட்டருக்குக் கால் யூனிட் செலவழித்திருந்தால் அதற்குத் தேவை 30 யூனிட்தான். பத்துக்கும் சேர்த்து 300. பத்து மணி நேர இரவில் பிரித்து ஏற்றினால், சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்து, ஏறத்தாழ 33 கிலோவாட் போதும். எந்த வண்டிக்கு எப்போது மின்சாரம் போக வேண்டும் என்று முறை வைத்துத் தரும் மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. உச்ச அளவுக்குத் தனிக் கட்டணம் வாங்கும் இடங்களில் இந்த வித்தியாசம் ஒவ்வொரு மாத பில்லிலும் தெரியும்.

சரி, எல்லா வண்டியும் மின்சாரத்துக்கு மாற முடியாது. நீண்ட தூரம் போகும் கனரக லாரிகளுக்கு உயிரி எரிபொருளை யோசிக்கிறவர்கள், எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். பயோடீசல் பழைய டேங்கில் படிந்திருக்கும் கசடைக் கரைத்துக் கொண்டுவரும். மாறிய புதிதில் ஃபில்டர் அடைத்து வண்டி நின்றுவிட, எரிபொருளே மோசம் என்ற பேச்சு கிளம்பிவிடும். டேங்கைச் சுத்தம் செய்து, முதல் சில வாரம் ஃபில்டரைச் சீக்கிரம் மாற்றினால் தீரும் பிரச்சினை இது. பயோடீசல் டீசலைவிட அதிகமாக ஈரத்தை இழுக்கும், குளிரில் உறையவும் செய்யும். எனவே மாதக்கணக்கில் தேக்கி வைக்காதீர்கள். ஹைட்ரஜன் சேர்த்துப் பதப்படுத்திய தாவர எண்ணெய் டீசல் வேறு வகை. பெரும்பாலும் மாற்றம் எதுவும் செய்யாமலே ஓடும். எதுவானாலும் எஞ்சின் தயாரிப்பாளர் எத்தனை சதவீதக் கலப்பை அனுமதிக்கிறார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

புகைக்குழாயை மட்டும் பார்த்துச் சுத்தம் என்று சொல்வதும் தவறு. இயற்கை எரிவாயுவிலிருந்து, வெளியேறும் கார்பனைப் பிடித்து வைக்காமல் எடுக்கும் ஹைட்ரஜன் எரிபொருள், கிலோவுக்குச் சுமார் 9 முதல் 10 கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளியே விட்டுத்தான் கிடைக்கிறது. எரிவாயு வண்டிகளில் கசியும் மீத்தேனோ, நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். சப்ளையரிடம் எரிபொருள் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

புதியது வரும்வரை பழைய டீசல் வண்டியை அப்படியே விட்டுவிடுவதும் நடக்கிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடும் கனரக லாரி மணிக்கு ஏறத்தாழ 3 லிட்டர் குடிக்கிறது. அதை நிறுத்துவதையும் டயர் காற்றைச் சரிபார்ப்பதையும் இன்றே தொடங்கலாம்.

கடைசியாக ஓட்டுநர்கள். பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் திரும்பப் பேட்டரிக்குப் போவதை யாரும் சொல்லித்தராவிட்டால், பழைய பழக்கத்தில் திடீர் பிரேக் போட்டே ஓட்டுவார்கள். வண்டியின் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், குறையும். வண்டி வாங்கும் முன்பே அவர்களைச் சோதனை ஓட்டத்துக்குக் கூப்பிடுங்கள். எந்த மேட்டில் வண்டி திணறும், எங்கே ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டிவரும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.