ஊற்றுக் குட்டையில் மீன் எண்ணுவது எப்படி

முதல் நாள் வலையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். நம் நிழல் தண்ணீரில் விழாத பக்கமாக உட்கார்ந்து அரைமணி நேரம் அசையாமல் இருந்தால், ஓடி ஒளிந்த மீன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். எது மேலே திரிகிறது, எது மணலை ஒட்டிக் கிடக்கிறது, குஞ்சுகள் எந்தச் செடிக்குள் நுழைகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பொறி வைக்க வேண்டிய இடம் அப்போதே தெரிந்துவிடும்.

பிடிப்பதற்கு முன், பொறுப்பான துறையின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வேறு குளத்தில் போட்ட வலை, பூட்ஸ் எல்லாம் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு நோயும் நத்தைக் குஞ்சும் ஒட்டிக்கொண்டு வரும்.

சிறு மீன்களுக்குப் புனல்வாய் வைத்த கூண்டுப் பொறி போதும். ஆனால் அதை முழுக்க முக்கிவிடக் கூடாது. நான் அந்தத் தப்பைச் செய்தவன். ஊற்றுக்கண் பக்கத்தில் ஆழமாகப் பொறியை இறக்கிவிட்டு மறுநாள் காலையில் தூக்கினேன். ஏழு மீன்கள் செத்துக் கிடந்தன. நிலத்தடியிலிருந்து வரும் நீரில் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு. இரவில் செடிகளும் அதையே எடுத்துக்கொள்வதால் விடியற்காலையில் இன்னும் மோசம். இப்போது ஒவ்வொரு பொறிக்குள்ளும் மூடி இறுக்கிய காலி பாட்டில் ஒன்றைப் போடுகிறேன். பொறியின் மேல்பகுதி மிதந்து நிற்கும், தவறி நுழைந்த தவளையும் பிழைக்கும். இரவு முழுக்கவும் வைப்பதில்லை, இரண்டு மணி நேரம்தான்.

அனுபவசாலிகளுக்கும் இது நடந்திருக்கிறது. 1969-இல் கலிபோர்னியாவில் வற்றிக்கொண்டிருந்த ஒரு குட்டையிலிருந்து ஓவன்ஸ் பப்ஃபிஷ் என்ற சிறு மீன்களை மீட்டபோது, மீன்வள உயிரியலாளர் ஃபில் பிஸ்டர் அவற்றை வலைக்கூண்டுகளில் வைத்திருந்தார். நீரோட்டம் போதாமல் சில சாகத் தொடங்கின. அந்த இனத்தில் எஞ்சியிருந்த சுமார் 800 மீன்களை இரண்டு வாளிகளில் அவரே தூக்கிப்போய்க் காப்பாற்றினார்.

மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள். கிரீம் எதுவும் பூசியிருக்கக் கூடாது. பக்கத்தில் அளவுகோல் ஒட்டிய சிறு கண்ணாடிப் பெட்டியில் விட்டு ஒரு படம், உடனே தண்ணீருக்குள். கம்பூசியா என்ற கொசு மீன் தெரிகிறதா என்று பாருங்கள். ஆணின் அடித்துடுப்பு குச்சிபோல நீண்டிருக்கும். கொசுவை ஒழிக்க உலகமெங்கும் கொண்டுபோய் விட்டார்கள். அது மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும், குஞ்சைத் தின்னும். குட்டி போடும் மீன் என்பதால் சினையான பெண் ஒன்று வந்தாலே போதும், கூட்டம் உருவாகிவிடும்.

எண்ணிக்கை வேண்டுமா? 40 மீன்களின் வால்துடுப்பு ஓரத்தைத் துளி நறுக்கி விடுங்கள், அது வளர்ந்துவிடும். கலந்து பழக ஓரிரு நாள் கொடுத்து மறுபடி பிடியுங்கள். 50 கிடைத்து அதில் 10 நறுக்கியவை என்றால், 40-ஐ 50-ஆல் பெருக்கி 10-ஆல் வகுக்க வேண்டும்: ஏறக்குறைய 200. மீன் உள்ளே வரவோ வெளியே போகவோ வழியில்லாத குட்டைக்குத்தான் இந்தக் கணக்கு சரிப்படும். மீன் அரிதாக இருந்தால் நறுக்கவே வேண்டாம். ஒவ்வொரு முறையும் அதே பருவம், அதே நேரம், அதே எண்ணிக்கைப் பொறிகள் என்று வைத்து, பொறிக்கு எத்தனை என்று ஒப்பிடுங்கள்.

அப்புறம் காப்பது. செடியை ஒரேயடியாகச் சுத்தம் செய்யாதீர்கள். புது மீன் எதையும் விடாதீர்கள், அழகுக்காகக்கூட. தண்ணீரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் நெவாடாவில் டெவில்ஸ் ஹோல் என்ற நீர் நிறைந்த பாறைக்குழியில், பக்கத்துக் கிணறுகள் இறைத்ததில் நீர்மட்டம் இறங்கி, மீன்கள் முட்டையிடும் பாறைத்திட்டே வெளியே தெரிந்தது. 1976-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்தான் அந்த இறைப்புக்கு வரம்பு கட்டியது. எனவே கரைப் பாறையில் ஒரு அளவுகோலைப் பதித்து, மாதம் ஒருமுறை நீர்மட்டத்தைத் தேதியோடு எழுதி வையுங்கள். மீன் குறைவது நம் கண்ணில் படுவதற்குள் அந்த நோட்டில் தெரிந்துவிடும்.