கறவை மாட்டுக்கு நேரம் தவறும் இடங்கள்

"நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் சீம்பால் கறக்கலாம்" என்று காத்திருப்பவர்கள் இன்றும் கிராமங்களில் இருக்கிறார்கள். பெரியவர்கள் சொன்னதாயிற்றே என்று யாரும் மறுத்துப் பேசுவதில்லை. மாடு வளர்ப்பில் இதைவிடப் பெரிய தவறு எனக்குத் தெரிந்து இல்லை.

நஞ்சுக்கொடி விழ எட்டு மணி நேரம், சில மாடுகளுக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். கன்றுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. பிறக்கும்போது அதன் ரத்தத்தில் நோய் எதிர்ப்புச் சக்தி அநேகமாக இல்லை. சீம்பால் மூலம்தான் வர வேண்டும். அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் திறன் குடலுக்கு முதல் சில மணி நேரம் நன்றாக இருக்கும், பிறகு குறைந்துகொண்டே போய் 24 மணி நேரத்துக்குள் நின்றுவிடும். அதனால் ஈன்ற ஒரு மணி நேரத்துக்குள் கன்றை ஊட்ட விடுங்கள். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டராவது வேண்டும், பல வேளையாகப் பிரித்து. கன்று ஊட்டும்போது தாயின் கருப்பை சுருங்குவதால் நஞ்சுக்கொடி விழவும் அது உதவும். சீம்பால் திரட்டு எல்லோருக்கும் பிடிக்கும்தான். ஆனால் கன்றுக்குப் போக மிஞ்சியதுதான் நமக்கு.

அடுத்தது மடிநோய். கறந்து முடித்த பின் காம்பின் துவாரம் மூட அரை மணி நேரம் ஆகும். அதற்குள் மாடு சாணத்தில் படுத்தால் கிருமி நேராக மடிக்குள் ஏறிவிடும். பாலை ஊற்ற சொசைட்டிக்கு ஓடும் அவசரத்தில் இதை யாரும் கவனிப்பதில்லை. கறந்தவுடன் பசுந்தீவனம் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். தின்கிற மாடு நின்றுகொண்டிருக்கும். கட்டைவிரலை மடக்கிக் கறக்கும் பழக்கமும் காம்பைப் புண்ணாக்கும். மடிநோய் கண்ட மாட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும். அதற்கு ஊசி போட்டால், மருத்துவர் சொன்ன நாள்வரை அந்தப் பாலை விற்கவே கூடாது. எங்கோ ஒரு வீட்டில் குழந்தை குடிக்கிற பால் அது.

மாடு கருத்தரிக்கத் தயாராகும் சினைப்பருவம் ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை வரும், ஒரு நாள்கூட முழுதாக நிற்காது. பல மாடுகளுக்கு இரவில்தான் அறிகுறி தெரியும் என்பதால், படுக்கப் போகும் முன்னும் விடியற்காலையிலும் கொட்டகையை ஒரு சுற்றுப் பார்ப்பது நல்லது. காலையில் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட வேண்டும்.

தீவனத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறு, மாட்டுப் பொங்கலன்று அண்டா நிறையப் பொங்கல் என்று பாசத்தோடு வைக்கிறார்கள். திடீரென்று அவ்வளவு மாவுச்சத்து போனால் வயிற்றில் அமிலம் பெருகி, மாடு அசைபோடுவதை நிறுத்திவிடும், உயிர்கூடப் போகலாம். ஒரு கைப்பிடி ஊட்டினால் போதும். கட்டை அவிழ்த்துக்கொண்டு போய்த் தின்றுவிட்டது என்று தெரிந்தால், வயிறு உப்பும்வரை காத்திராமல் அப்போதே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.