கிழங்கைச் சிறிதாக வெட்டினால் காஸ் மிச்சம்

கறிக்கு உருளைக்கிழங்கை 4 செ.மீ. துண்டாகப் போடாமல் 2 செ.மீ. துண்டாக வெட்டிப் போடுங்கள். வேகும் நேரம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மின்வெட்டு நாளில் சின்ன காஸ் அடுப்பை நம்பிச் சமைக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர வீடுகளில் இது நல்ல மிச்சம்.

4 செ.மீ. கனசதுரத் துண்டின் மேற்பரப்பு 96 சதுர செ.மீ. அதையே எட்டாக வெட்டினால் 192; கிழங்கு என்னவோ அதே கிழங்குதான். சூடு நடுவுக்குப் போகும் தூரமும் பாதியாகிறது, தூரம் பாதியானால் நேரம் ஏறக்குறைய கால்வாசி. நம் உடம்பின் செல்லுக்கும் இதே கணக்குத்தான்: பெருத்துக்கொண்டே போனால் சவ்வு வழியே வரும் ஆக்சிஜனும் உணவும் உள்ளே இருப்பதற்குக் கட்டுப்படியாகாது. அதனால் பெரிதாக ஊதாமல் இரண்டாகப் பிரிகிறது. (நரம்புச் செல் ஒரு மீட்டர்கூட நீளும், ஆனால் நூலைவிட மெலிசு.)

ஆட்டுக்கறியில் இது அவ்வளவாகப் பலிக்காது. அங்கே சூடு உள்ளே போனால் மட்டும் போதாது, இணைப்புத்திசு இளக நேரம் கொடுத்தே ஆகவேண்டும். அப்புறம், பிரியாணிக்குக் கிழங்கு பெரிதாகவே இருக்கட்டும். சிறுதுண்டு தம்மில் குழைந்து அரிசியோடு ஒட்டிவிடும்.