மீம்ஸை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் உளவியல் முதுகலை படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் வருடா வருடம் மீம்ஸை ஆய்வுத் தலைப்பாகக் கொண்டு வருகிறார்கள். சறுக்குகிற இடங்களும் வருடா வருடம் அவையேதான். மாதிரி போதாது, அட்டவணை சரியில்லை என்பதையெல்லாம் வைவாவில் யாராவது சொல்லிவிடுவார்கள், அதை விடுகிறேன்.

ஷேர் எண்ணிக்கையை மீமின் பலம் என்று எடுத்துக்கொள்வது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வரும். போன செமஸ்டரில், ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் மாணவர் ஒருவர் எக்செல் நிறைய வடிவேலு மீம்ஸோடு வந்தார். அதில் ஒரே படம் இரண்டு வரிசையில் இருந்தது. ஒன்றில் வாட்டர்மார்க் இருந்தது. மற்றது அதை வெட்டிவிட்டு வேறொரு மீம் பக்கம் போட்டது. முதலாவதற்கு ‘வெற்றி’, இரண்டாவதற்கு ‘தோல்வி’. ஏம்பா, படம் ஒன்றுதானே? அவர் அளந்தது அந்தப் பக்கங்களின் ஃபாலோயர்களை.

வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவது இந்தக் கணக்கிலேயே வராது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டால் எண்ணிக்கை மறுபடி பூஜ்ஜியத்தில் தொடங்கும்.

1976-இல் மீம் என்ற கருத்தை முன்வைத்த உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸே, ஒரு மீம் நிலைக்க ஆயுள், பெருக்கம், நகல் துல்லியம் என்று மூன்றைச் சொன்னார். ஷேர் தொடுவது பெருக்கத்தை மட்டும், அதுவும் அரைகுறையாக. 2001-இல் வந்த ‘ஃப்ரண்ட்ஸ்’ படத்தில் தலையில் சுத்தியல் விழுந்த நேசமணி (வடிவேலு) 2019 மே மாதம் உலக அளவில் ட்ரெண்டானாரே, அப்போது ஆளாளுக்குப் பிரார்த்தனை, ஆஸ்பத்திரி அறிக்கை என்று புதிது புதிதாகச் செய்தார்கள். அப்படியே பகிர்ந்தால் வைரல், மாற்றிச் செய்து பெருகினால் மீம் என்று மீம் ஆய்வாளர் லிமோர் ஷிஃப்மன் பிரிப்பது இதைத்தான். அதனால் மாற்று வடிவங்களை எண்ணுங்கள். சுத்தியல் எல்லாவற்றிலும் இருக்கிறதா, எது மாறியது என்று குறியுங்கள்.

ஹிட்டானதை மட்டும் சேகரிப்பது

ஊத்திக்கொண்டதும் வேண்டும். இல்லாவிட்டால் சிரிப்புதான் பரவ வைத்தது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

தனியாக உட்கார்ந்து கோடிங் (ஒவ்வொரு மீமையும் வகை பிரித்துக் குறிப்பது) செய்வது

பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பின் டிராஃபிக் மீமில் ஒருவருக்குக் கோபம் தெரியும், இன்னொருவருக்குக் கிண்டல். இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்த பிறகு, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும் கப்பா (kappa) கணக்கைப் போடுங்கள்.

‘மீம்ஸ் பிடிக்குமா?’ என்று கேள்வித்தாளில் கேட்பது

வேண்டாம். உளவியலாளர் பார்ட்லெட் 1932-இல் காட்டிய வழி இருக்கிறது: ஒருவர் படித்ததை நினைவிலிருந்து எழுத, அதைப் படித்து அடுத்தவர் எழுத வேண்டும். மீமையும் இப்படிக் கைமாற்றிப் பாருங்கள். எந்தக் கையில் எது உதிர்கிறது என்று தெரிந்துவிடும்.