அரசுப் பணி விண்ணப்பத்துக்குப் புகைப்படத்தையும் கையொப்பத்தையும் உரிய கோப்பு வடிவத்துக்கு மாற்றும் முறை

அரசுப் பணிக்கு இணையவழியில் விண்ணப்பிக்கும் பலர், பெயர், கல்வித்தகுதி, சாதிச் சான்றிதழ் எண் முதலியவற்றைப் பிழையில்லாமல் நிரப்பிவிட்டு, புகைப்படத்தைப் பதிவேற்றும் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். கோப்பு வடிவம் தவறு என்றோ, கோப்பின் அளவு கூடுதல் என்றோ சிவப்பு எழுத்தில் ஒரு வரி வரும். எதை மாற்ற வேண்டும் என்பது அதிலிருந்து விளங்காது. கடைசி நாளில் பிரவுசிங் சென்டருக்கு ஓடாமல், இந்த வேலையை வீட்டிலேயே ஒரு கணினியிலோ கைப்பேசியிலோ செய்துகொள்வது எப்படி என்பதை இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் மூன்று செய்திகளைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு படக் கோப்புக்கு வடிவம் என்று ஒன்று உண்டு. ஜேபிஜி, பிஎன்ஜி, ஹெச்இஐசி ஆகியவை வடிவங்கள். படத்தின் அகலமும் உயரமும் பிக்செலில், அதாவது படத்தை ஆக்கும் சிறு புள்ளிகளின் எண்ணிக்கையில், சொல்லப்படுபவை. அந்தக் கோப்பு நினைவகத்தில் பிடிக்கும் இடம் கேபியில், அதாவது கிலோபைட்டில், சொல்லப்படுவது. இம்மூன்றும் தனித்தனியானவை. ஒரே 200 பிக்செல் அகலப் படம், சேமிக்கும் தரத்தைப் பொறுத்து 8 கேபியாகவும் இருக்கலாம், 25 கேபியாகவும் இருக்கலாம். விண்ணப்பத் தளம் இம்மூன்றையும் தனித்தனியாகச் சோதிப்பதால், நாமும் ஒவ்வொன்றாகத்தான் சரிசெய்ய வேண்டும். அதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் வெட்டுதல், அடுத்துப் பிக்செல் அளவைக் குறைத்தல், கடைசியாக ஜேபிஜி வடிவில் சேமித்துக் கேபியைச் சரிசெய்தல். இந்த வரிசையை மாற்றினால் ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று கெடும்.

படி 1: அறிவிக்கையில் உள்ள அளவைக் குறித்துக்கொள்ளுதல்

ஒவ்வொரு தேர்வாணையமும் தனக்கென ஓர் அளவை வைத்திருக்கிறது. டிஎன்பிஎஸ்சி அறிவிக்கைகளில் புகைப்படம் 20 முதல் 50 கேபி வரையிலும், கையொப்பம் 10 முதல் 20 கேபி வரையிலும் ஜேபிஜி வடிவில் கேட்கப்படுகின்றன. வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ் நிறுவனமும் இதே கேபி வரம்புகளையே வைத்திருக்கிறது. கூடவே புகைப்படத்துக்கு 200 × 230 பிக்செல், கையொப்பத்துக்கு 140 × 60 பிக்செல் என்பவற்றை விரும்பத்தக்க அளவுகளாகக் குறிப்பிடுகிறது. மத்தியப் பணியாளர் தேர்வாணையமான எஸ்எஸ்சியில், 2024-இல் வந்த புதிய தளம் முதல், புகைப்படத்தை விண்ணப்பிக்கும்போதே கேமராவில் நேரடியாக எடுக்கும் முறை வந்துவிட்டது. கையொப்பத்தை நாம்தான் பதிவேற்ற வேண்டும். இந்த எண்கள் அறிவிக்கைக்கு அறிவிக்கை மாறக்கூடியவை என்பதால், நண்பர் சொன்னதையோ சென்ற ஆண்டுக் குறிப்பையோ நம்பாமல், நீங்கள் விண்ணப்பிக்கும் பணிக்கான அறிவிக்கையைத் திறந்து, வடிவம், பிக்செல் அல்லது சென்டிமீட்டர், குறைந்தபட்ச கேபி, அதிகபட்ச கேபி ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச கேபியைப் பலர் கவனிப்பதில்லை; அளவு கூடினால் மட்டுமல்ல, குறைந்தாலும் தளம் ஏற்காது.

அளவு சென்டிமீட்டரில் தரப்பட்டு, உடன் 200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 200 புள்ளிகள்) என்று சொல்லப்பட்டிருந்தால், சென்டிமீட்டரை 2.54-ஆல் வகுத்து 200-ஆல் பெருக்கினால் பிக்செல் கிடைத்துவிடும். 3.5 × 4.5 சென்டிமீட்டர் என்பது இந்தக் கணக்கில் ஏறக்குறைய 276 × 354 பிக்செல் ஆகும்.

படி 2: நல்ல மூலப்படம்

போட்டோ ஸ்டுடியோவில் படம் எடுத்தால், அச்சிட்ட படத்தோடு நின்றுவிடாமல், அதன் மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். அச்சிட்ட பாஸ்போர்ட் அளவுப் படத்தைக் கைப்பேசியால் மறுபடி படமெடுத்துப் பதிவேற்றினால் பளபளப்பும் சாய்வும் நிழலும் சேர்ந்து முகம் மங்கிவிடும். ஸ்டுடியோக்காரர் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னால், படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும்.

கிடைத்த மூலக் கோப்பை ஒரு தனி ஃபோல்டரில் வைத்து, அதன் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். ஜேபிஜி வடிவம் ஒவ்வொரு முறை சேமிக்கப்படும்போதும் படத்தின் நுண்ணிய விவரங்களில் கொஞ்சத்தைக் கைவிடுகிறது. அதனால்தான் அது அவ்வளவு சிறிய கோப்பாகிறது. ஒரே கோப்பைத் திறந்து திறந்து சேமித்துக்கொண்டிருந்தால் முகத்தின் ஓரங்களில் கட்டங்கட்டமாகத் திட்டுகள் தெரியத் தொடங்கும். சரியாக வரவில்லை என்றால் மூலத்திலிருந்து மறுபடி தொடங்குவதே நல்லது.

படி 3: இப்போதிருக்கும் வடிவத்தை அறிதல்

விண்டோஸ் கணினியில் கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் நீட்சி (.jpg, .png போன்றது) பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' பகுதிக்குச் சென்று, 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அது தெரியும். விண்டோஸ் 11-இல் இது 'வியூ' என்பதற்குள் 'ஷோ' என்ற பட்டியலில் இருக்கிறது. இதைச் செய்யாமல் கோப்புக்குப் பெயர் மாற்றுகிறவர்கள், தாமறியாமலே ஜேபிஜி என்ற நீட்சியை இரண்டு முறை சேர்த்துவிடுவதுண்டு.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பிஎன்ஜி கோப்பின் பெயரில் உள்ள நீட்சியை அழித்துவிட்டு ஜேபிஜி என்று எழுதினால் அது ஜேபிஜி ஆகிவிடாது. கோப்பின் தொடக்கத்திலுள்ள சில பைட்டுகளே அது எந்த வடிவம் என்பதைச் சொல்கின்றன. பெயரை மாற்றினாலும் அந்தப் பைட்டுகள் பழையபடியேதான் இருக்கும். கோப்பின் உள்ளடக்கத்தைப் படித்துப் பார்க்கும் தளம் அதைத் தள்ளிவிடும். ஜேபிஜி, ஜேபிஇஜி, ஜேஎஃப்ஐஎஃப் என்ற மூன்று நீட்சிகள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. மூன்றும் ஒரே வடிவத்தின் பெயர்கள் என்பதால், இவற்றுக்குள் பெயரை மாற்றினால் போதுமானது.

ஐஃபோனில் எடுத்த படங்கள் ஹெச்இஐசி வடிவில் இருக்கும். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் இது வழக்கத்தில் உள்ளது. 'செட்டிங்ஸ்', 'கேமரா', 'ஃபார்மட்ஸ்' என்று சென்று 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் படமெடுத்தால் நேராக ஜேபிஜியாகவே கிடைக்கும். ஏற்கனவே எடுத்த படமென்றால், மேக் கணினியின் 'ப்ரிவியூ' செயலியில் திறந்து 'எக்ஸ்போர்ட்' மூலமாகவோ, படங்களைத் திருத்தும் இலவச மென்பொருளான கிம்ப் வழியாகவோ மாற்றலாம்.

படி 4: வெட்டுதலும் பிக்செலைச் சரிசெய்தலும்

விண்டோஸில் உள்ள பெயின்ட் செயலியே இதற்குப் போதும். படத்தின் நகலைத் திறந்து, 'செலக்ட்' கருவியால் தலைக்கு மேல் சிறிது இடைவெளியும் தோள்களும் அடங்கும்படி தேர்வு செய்து, 'க்ராப்' என்பதை அழுத்துங்கள். பிறகு கன்ட்ரோல் விசையுடன் டபிள்யூ விசையை அழுத்தினால் அளவு மாற்றும் பெட்டி திறக்கும். அதில் 'பிக்செல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'மெயின்டெய்ன் ஆஸ்பெக்ட் ரேஷியோ' என்ற விகிதப் பூட்டு (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தை மாறாமல் வைப்பது) இயக்கத்தில் இருக்கும்படியே விட்டு, அகலத்தை மட்டும் எழுதுங்கள். உயரம் தானாக அமையும்.

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். வழக்கமான பாஸ்போர்ட் படத்தின் விகிதம் 3.5-க்கு 4.5. அதன் அகலத்தை 200 பிக்செல் ஆக்கினால் உயரம் 257 வரும். அறிவிக்கையில் 200 × 230 என்று இருக்கிறதே என்று விகிதப் பூட்டைத் திறந்து உயரத்தில் 230 என்று எழுதினால், படம் மேலிருந்து கீழாக நசுக்கப்பட்டு முகம் அகன்று தெரியும். தேர்வுக்கூடத்தில் நுழைவுச்சீட்டுப் படத்தையும் உங்கள் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்பதை நினைவில் வைத்து, நசுக்குவதற்குப் பதிலாக மிகுதியான 27 பிக்செலை வெட்டிவிடுங்கள். அதற்கு அகலம் 200 ஆனபின் கன்ட்ரோல் விசையுடன் ஈ விசையை அழுத்தி, திறக்கும் பெட்டியில் உயரத்தை 230 என்று மாற்றினால், பெயின்ட் படத்தின் கீழ்ப்பகுதியை, அதாவது மார்புப் பகுதியை, வெட்டி எடுத்துவிடும். முகம் தன் வடிவத்திலேயே இருக்கும்.

படி 5: ஜேபிஜியாகச் சேமித்துக் கேபியைச் சரிசெய்தல்

'ஃபைல்', 'சேவ் ஆஸ்', 'ஜேபிஇஜி பிக்சர்' என்று சென்று புதிய பெயரில் சேமியுங்கள். கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி 'ப்ராபர்ட்டீஸ்' திறந்தால் இரண்டு அளவுகள் தெரியும். 'சைஸ்' என்பதைப் பாருங்கள். 'சைஸ் ஆன் டிஸ்க்' என்பது வன்தட்டில் ஒதுக்கப்பட்ட இடம், அது நமக்கு வேண்டாம். 20 முதல் 50 வரை என்ற வரம்புக்கு 35 கேபியை ஒட்டி வைப்பது பாதுகாப்பானது. ஒரு கேபி என்பதை 1000 பைட்டாகக் கணக்கிடுவதா 1024 பைட்டாகக் கணக்கிடுவதா என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும் என்பதால், 49.9 கேபியில் விளிம்பில் நிற்கும் கோப்பு ஒரு தளத்தில் தேறி இன்னொன்றில் தோற்கலாம்.

வழக்கமான பெயின்ட் செயலியில் தரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இல்லை. அதனால் கேபியைத் துல்லியமாகக் கொண்டுவர கிம்ப் உதவும். அதில் படத்தைத் திறந்து 'எக்ஸ்போர்ட் ஆஸ்' கொடுத்து, கோப்பின் பெயரை ஜேபிஜி நீட்சியுடன் எழுதினால், 'குவாலிட்டி' என்ற நகர்த்தி தோன்றும். முன்னோட்டத்தைக் காட்டும் தேர்வை இயக்கினால், நகர்த்தியை நகர்த்த நகர்த்தக் கோப்பின் அளவு மாறுவதைப் பார்க்கலாம். மேக் கணினியின் 'ப்ரிவியூ'விலும் இதே போன்ற நகர்த்தி உண்டு.

கைப்பேசி மட்டுமே வைத்திருப்பவர்களுக்கு ஸ்குவூஷ் என்ற இணையச் செயலியைப் பரிந்துரைக்கிறேன். கூகுள் குரோம் குழுவினர் உருவாக்கிய இது, படத்தை வேறு எந்தக் கணினிக்கும் அனுப்பாமல், உங்கள் உலாவிக்குள்ளேயே வேலையை முடிக்கிறது. கேலரியில் படத்தை வெட்டிக்கொண்டு, ஸ்குவூஷில் திறந்து, 'ரீசைஸ்' என்பதை இயக்கிப் பிக்செல் அளவைக் கொடுங்கள். சுருக்கும் முறையில் 'மோஸ்ஜேபிஇஜி'யைத் தேர்ந்தெடுத்துத் தர நகர்த்தியை நகர்த்துங்கள். புதிய கோப்பின் அளவு திரையிலேயே தெரியும்.

பெயர் தெரியாத மாற்றித் தளங்களில் படத்தைப் பதிவேற்றுவதை நான் ஒருபோதும் ஆதரிப்பதில்லை. முகம், கையொப்பம், பெருவிரல் ரேகை ஆகிய மூன்றும் சேர்ந்து ஒருவரின் அடையாளம். அதை யார் வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாத இடத்தில் விட்டுவைக்கக் கூடாது. பிரவுசிங் சென்டரில் இந்த வேலையைச் செய்ய நேர்ந்தால், முடிந்ததும் கோப்புகளை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலிசெய்துவிட்டு எழுந்திருங்கள்.

கையொப்பம்

கோடுபோடாத வெள்ளைத் தாளில், அறிவிக்கை சொல்லும் நிறப் பேனாவால் கையொப்பமிடுங்கள். ஐபிபிஎஸ் விதிப்படி கறுப்பு மையே வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதிய கையொப்பத்தை ஏற்பதில்லை. சன்னல் வெளிச்சத்தில் தாளை வைத்து, கைப்பேசியின் நிழல் விழாமல் நேர் மேலிருந்து படமெடுத்து, கையொப்பத்தைச் சுற்றி மிகக் கொஞ்சம் வெள்ளை இடம் மட்டும் விட்டு வெட்டுங்கள். தாள் முழுவதையும் பதிவேற்றினால் கையொப்பம் எறும்பளவுதான் தெரியும்.

கையொப்பத்தில் வழக்கமாக எழும் சிக்கல் கேபி குறைவதுதான். வெள்ளைப் பரப்பு மிகுந்த 140 × 60 பிக்செல் படம், மிக உயர்ந்த தரத்தில் சேமித்தாலும் 10 கேபியை எட்டாமல் போகலாம். பிக்செல் அளவு விரும்பத்தக்கது என்று மட்டும் சொல்லப்பட்டிருந்தால், அதே விகிதத்தில் 280 × 120 ஆக, மூலப்படத்திலிருந்து மறுபடி உருவாக்குங்கள். புகைப்படம் 20 கேபிக்குக் கீழே போனாலும் இதே வழியில் 400 × 460 ஆக்கலாம். சிறிதாக்கிய படத்தையே இழுத்துப் பெரிதாக்கினால் எழுத்துகள் கலங்கிவிடும்.

பின்னணி நீக்கும் செயலிகளில் உருவாக்கிய பிஎன்ஜி கையொப்பங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவற்றின் பின்னணி வெள்ளை அன்று, வெறுமையானது. ஜேபிஜி வடிவத்தில் வெறுமை என்பதே கிடையாது. சில மென்பொருள்கள் அந்த இடத்தைக் கறுப்பால் நிரப்பிவிடும், கறுப்பு மையில் இட்ட கையொப்பம் அதில் மறைந்துபோகும். கிம்ப் மென்பொருளில், வெறுமையான இடத்தைப் பின்னணி நிறத்தால் நிரப்பும் 'ஃப்ளாட்டன் இமேஜ்' கொடுப்பதற்கு முன் பின்னணி நிறம் வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

வங்கித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு மேலும் இரண்டு கோப்புகள் தேவை. இடது பெருவிரல் ரேகை 240 × 240 பிக்செல், 20 முதல் 50 கேபி. கையால் எழுதிய உறுதிமொழி 800 × 400 பிக்செல், 50 முதல் 100 கேபி. செய்முறை மேலே சொன்னதேதான். உறுதிமொழியை விண்ணப்பதாரரே தம் கையால் ஆங்கிலத்தில் எழுத வேண்டும்.

பதிவேற்றும் முன்னும் பின்னும்

கைப்பேசியில் நிமிர்ந்து தெரியும் படம் தளத்தில் படுத்துக்கிடந்தால், படம் உண்மையில் திருப்பப்படவில்லை, எந்தப் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே கோப்பில் இருக்கிறது என்று பொருள். பெயின்டில் திறந்து, தேவையென்றால் 'ரொட்டேட்' கொடுத்து, புதிதாகச் சேமித்தால் சரியாகிவிடும். கோப்பின் பெயரில் இடைவெளியும் குறியீடுகளும் இல்லாமல் ஆங்கில எழுத்துகளை மட்டும் வையுங்கள்.

பதிவேற்றியபின் தளம் காட்டும் முன்னோட்டத்தில் புகைப்படக் கட்டத்தில் முகமும் கையொப்பக் கட்டத்தில் கையொப்பமும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே இறுதிப் பொத்தானை அழுத்துங்கள். இரண்டும் இடம் மாறிப்போன விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படலாம். பதிவேற்றிய அதே கோப்புகளையும் மூலப்படத்தையும் தேர்வின் பெயரிட்ட ஃபோல்டரில் போட்டு, கணினியிலும் மின்னஞ்சலிலும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அதே படத்தின் அச்சுப் பிரதிகள் சிலவும் கைவசம் இருக்கட்டும். தேர்வு நாளிலும் சான்றிதழ் சரிபார்ப்பிலும் விண்ணப்பத்தில் உள்ள அதே படத்தைக் கேட்பது வழக்கம்.