விளங்கும், கதைக்க வராது

டொரொன்டோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கத் தொடங்கி 14 வருடமாகிறது. ஒவ்வொரு செப்டெம்பரிலும் புதுப் பெற்றோர் வருகிறார்கள், பிள்ளைக்குத் தமிழ் பழக்குவதில் அதே பழைய பிழைகளோடு. எல்லாம் நானும் விட்ட பிழைகள்தான். 'வீட்டில் தமிழில் கதையுங்கள்' என்பதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள்; அதை விடுகிறேன்.

பிள்ளையின் தமிழைக் கேட்டுச் சிரிப்பது

மூத்தவளுக்கு அப்போது ஐந்து வயது. ஒரு பிறந்தநாள் வீட்டில் ஓடிவந்து, "பூனை வந்திட்டார், பெரியப்பா போயிட்டுது" என்றாள். வீடே சிரித்தது. அதோடு விட்டிருக்கலாம். நான்தான் வந்தவர்களுக்கெல்லாம் "ஒருக்காச் சொல்லிக் காட்டம்மா" என்று மூன்று தரம் சொல்லவைத்தேன். மூன்றாம் தரம் சட்டை விளிம்பைத் திருகிக்கொண்டு நின்றாள். அதன்பிறகு தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில். இப்போது வயது 22. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் "ஓம்", "சாப்பிட்டன்" என்று இரண்டு சொல். போன் என் கைக்கு வந்துவிடும்.

இத்தனைக்கும் அவள் பாதி தூரம் வந்திருந்தாள். 'ஆர்' என்றும் 'து' என்றும் இரண்டு முடிவு இருப்பதைப் பிடித்துவிட்டாள். எது யாருக்கு என்பதில்தான் மாறிப்போனது. "ஓ, பெரியப்பா போயிட்டாரோ? பூனை வந்திட்டுதோ?" என்று சும்மா திருப்பிக் கேட்டிருந்தால் போதும். சின்னவனோடு அப்படித்தான் செய்தோம். பிழையோடுதான், ஆனால் வாய் ஓயாமல் கதைக்கிறான்.

போன மாதம் வகுப்பு வாசலில் ஒரு அப்பா, மகன் "வாளைப்பளம்" என்பதை வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. (அவருக்கே 'ழ' வராது, அது வேறு கதை.)

247 எழுத்தும் முடித்த பிறகுதான் பேச்சு என்பது

தலைகீழ்.

ஆங்கிலம் விளங்காத மாதிரி நடிப்பது

வேண்டாம். வேலையிடத்துப் போனில் நீங்கள் கதைப்பதைப் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

மேடைக்கு மட்டும் தமிழ்

கனடாவில் ஜனவரி, தமிழ் மரபுத் திங்கள். பேச்சை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்துப் பாடமாக்க வைக்கிறார்கள். விருந்தோம்பல் பற்றி முழங்கிவிட்டு இறங்கிய பையனிடம் "தண்ணி வேணுமோ?" என்றேன். தாயைத் திரும்பிப் பார்த்தான்.

வகுப்பு பார்த்துக்கொள்ளும் என்று இருப்பது

வாரத்துக்கு 2½ மணி நேரம். மாரியில் அதில் கால் மணி, ஜாக்கெட்டும் சப்பாத்தும் கழற்றவே போய்விடும்.